கிளாடிஸ் பெரெஜிக்லியன்: தண்டனை கூடிப்போனதா, குறைந்துபோனதா?

வடகரை யாழினி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் கிளாடிஸ் பெரெஜிக்லியனின் வழக்கைத் தள்ளுபடி செய்த நாளிலிருந்து எங்கள் நண்பர் குழுவில் ஒரே சண்டை. இங்கேயும் கேட்டுப் பார்க்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2017 ஜனவரி முதல் 2021 அக்டோபர் வரை இந்த மாநிலத்தின் முதல்வர். சக லிபரல் கட்சி உறுப்பினர் டேரில் மகுவாயரோடு 2015-லிருந்து அவருக்கு ஒரு ரகசிய உறவு இருந்தது. அதை அமைச்சரவையில் சொல்லாமல், மகுவாயரின் வாகா வாகா தொகுதிக்குப் பணம் ஒதுக்கும் முடிவுகளில் பங்கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ஊழலை விசாரிக்கும் சுயாதீன ஆணையமான ஐகாக், இதைக் கடுமையான ஊழல் நடத்தை என்று 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை ரத்து செய்யச் சொல்லித்தான் நீதிமன்றம் போனார், தோற்றார்.

நான் கிளாடிஸ் பக்கம். அவர் ஒரு சதம் எடுத்ததாக ஐகாக்கே சொல்லவில்லை. 5 வயதில் பள்ளிக்குப் போகும்வரை ஆங்கிலம் தெரியாத ஆர்மீனியக் குடும்பத்துப் பிள்ளை. 2003-ல் வில்லோபி தொகுதியில் வெறும் 144 வாக்கில் ஜெயித்து உள்ளே வந்தவர். போக்குவரத்து அமைச்சர், பிறகு மாநிலத்தின் முதல் பெண் கருவூல அமைச்சர், பிறகு முதல்வர். 2019 தேர்தலில் கட்சியை வழிநடத்தி ஜெயித்தார். அந்த மாநிலத்தில் எந்தப் பெண்ணும் அதற்கு முன் செய்யாதது அது. இப்படி ஒருவரையும், சுரங்க உரிமத்தில் குடும்பத்துக்குக் கோடிகள் பார்த்துச் சிறைக்குப் போன முன்னாள் அமைச்சர் எடி ஒபீடையும் ஒரே ஆணையம் ஒரே சொல்லால் குறிப்பது எந்த ஊர் நியாயம்?

கம்பர்லாந்துக்காரன்

யாழினி அக்கா, ஒரு சதம் எடுக்கவில்லை என்பது யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். பணம் எடுத்தாரா என்பது வழக்கே இல்லை. பொதுப்பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு, கேட்பவர் தனக்கு யார் என்பதை மறைத்தாரா? அதுதான் வழக்கு.

2016 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். களிமண் தட்டுச் சுடும் விளையாட்டுச் சங்கத்துக்கு வாகா வாகாவில் புதுக் கட்டடம் கட்ட 55 லட்சம் டாலர். அந்தச் செலவை முடிவுசெய்த அமைச்சர்களின் செலவினக் குழுவில் கருவூல அமைச்சராகக் கிளாடிஸ். விளையாட்டுத் துறை அதிகாரிகளுக்கே அந்தக் கோரிக்கையில் திருப்தியில்லை என்று விசாரணையில் சாட்சியம் வந்தது. முதலில் போட்ட கணக்கில் திட்டத்தின் பலன் அதன் செலவுக்குக் கீழே இருந்தது. திருப்பிக் கணக்குப் போட்டபோதுதான் கொஞ்சம் மேலே ஏறியது. அதற்கப்புறம் ரிவரினா இசைப்பள்ளிக்கு 1 கோடி டாலர், அடுத்த கட்டத்துக்கு 2 கோடி டாலர் வாக்குறுதி.

இதற்கெல்லாம் பின்னால் நின்று தள்ளியவர் மகுவாயர். அந்தக் குழுவில் கிளாடிஸோடு உட்கார்ந்திருந்த யாருக்கும் விஷயம் தெரியாது. மைக் பேர்ட், கிளாடிஸுக்கு முன்னால் இருந்த முதல்வர், நண்பர், அதே கட்சி. அவரே ஐகாக்கில் வந்து, இதைக் கிளாடிஸ் சொல்லியிருக்க வேண்டும் என்று சாட்சி சொன்னார். எதிர்க்கட்சி லேபர்காரன் சொன்னதல்ல.

மெல்பன் மாமி

இசைப்பள்ளிக்குப் பணம் கொடுத்ததற்கா இவ்வளவு கோபம்? எங்கள் ஊரில் யாராவது கொடுத்தால் நான் வீணையோடு வாசலில் நிற்பேன்.

சரி, விளையாட்டு போதும். ஆஸ்திரேலிய மாநிலங்களில் பெண் தலைவர்களின் கதையை நான் 1990-லிருந்து பார்க்கிறேன். விக்டோரியாவில் ஜோன் கிர்னர், மேற்கு ஆஸ்திரேலியாவில் கார்மென் லாரன்ஸ், இருவரும் அதே வருடம் முதல்வரானார்கள். இரண்டு இடத்திலும் ஆண்கள் கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு. கிர்னர் 1992-ல் தோற்றார்; அவரைப் புள்ளிப் புள்ளி கவுன் போட்ட வீட்டுக்கார அம்மாவாகக் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்தே தள்ளினார்கள். லாரன்ஸ் பிறகு மத்திய அமைச்சராகி, பழைய விவகாரம் ஒன்றில் பொய்ச் சாட்சியம் என்று வழக்கு வந்து, 1999-ல் விடுதலையானார். உங்கள் மாநிலத்தில் கிரிஸ்டினா கெனிலியை 2009-ல் கொண்டுவந்தார்கள், 2011-ல் லேபருக்கு 93 இடத்தில் 20 மிஞ்சியது. வீடு எரியும்போது சாவியைப் பெண் கையில் கொடுப்பது இந்த நாட்டுக் கட்சிகளின் பழக்கம்.

கிளாடிஸ் ஒருவர்தான் எரியாத வீட்டை வாங்கியவர். அவரையும் எதைக் காட்டி வெளியே அனுப்பினார்கள்? படுக்கையறையை.

கம்பர்லாந்துக்காரன்

மாமி, படுக்கையறையை யாரும் கேட்கவில்லை. தொலைபேசியைத்தான் கேட்டார்கள். அதுவும் மகுவாயரின் தொலைபேசியை. 2017-ல் அவர் பேட்ஜரிஸ் கிரீக் விமான நிலையத்துப் பக்கத்தில் ஒரு நில வியாபாரம் முடிந்தால் தன் கடன் தீரும் என்கிறார். அந்த முனையில் முதல்வர் என்ன சொன்னார்? அந்த விஷயம் எனக்குத் தெரியத் தேவையில்லை என்றார். எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

வடகரை யாழினி

ஒரு வரியை வெட்டி எடுத்து ஆளையே அதில் தொங்கவிடுகிறீர்கள். வேலை முடிந்து களைத்துப் போய் ஃபோனில் இருக்கும் எந்தப் பெண்ணும் தன் ஆளின் கடன் புராணத்தை அப்படித்தான் நிறுத்துவாள். அந்த ஒலிப்பதிவை ஊருக்குப் போட்டுக் காட்டினார்கள். அது போதாதென்று, 2020-ல் தனி அமர்வில் எடுத்த சாட்சியத்தைத் தவறுதலாக இணையத்தில் ஏற்றி, சிலர் பார்த்த பிறகு இறக்கினார்கள். யார் பொறுப்பேற்றார்கள்? அடுத்த வருடம் வீட்டுச் சாவி கொடுத்தீர்களா, கல்யாணப் பேச்சு நடந்ததா என்றெல்லாம் கேள்வி. இத்தனை வருடமாகச் சிட்னி அரசியலில் எந்த ஆணிடம் இப்படிக் கேட்டார்கள்?

பழைய கோப்பு

நான் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்றவன், ஆகவே கொஞ்சம் வறட்சியாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாவிக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த உறவு அறிவிக்கும் அளவுக்குப் பெரியதில்லை என்பதுதான் கிளாடிஸின் வாதம். குடும்பம் என்று கருதவில்லை, எதிர்காலம் தெரியாது, அதனால் நலமுரண் படிவத்தில், அதாவது சொந்த நலன் அரசு வேலையோடு மோதுவதை அறிவிக்கும் படிவத்தில், எழுதவில்லை என்றார். அவரே அந்த வாதத்தை வைத்த பிறகு, உறவு எவ்வளவு நெருக்கம் என்று கேட்காமல் ஆணையம் எப்படி முடிவு சொல்லும்? நீ என் குடும்பம் என்று கிளாடிஸே மகுவாயருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி அப்படித்தான் விசாரணைக்குள் வந்தது. கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தது அந்த வாதம்.

அலுவலகத்தில் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? தம்பி மனைவியின் கடைக்கு ஒரு சின்ன கொள்முதல் வந்தால்கூட, எனக்கு இவர் உறவு, இந்தக் கோப்பை வேறொருவர் பார்க்கட்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். யாருக்கு உறவு, எவ்வளவு ஆழம், எதுவும் எழுத வேண்டாம். கிளாடிஸும் எனக்கு இதில் தனிப்பட்ட ஆர்வம் இருக்கிறது என்று எழுந்து வெளியே போயிருந்தால், மகுவாயர் பெயர்கூட வெளியே வந்திருக்காது. இசைப்பள்ளிக்கும் பணம் கிடைத்திருக்கலாம்.

சட்டப்புலி

முந்தைய பதிவுகளில் சட்டம் கலங்கிக் கிடக்கிறது.

ஐகாக் ஒரு நீதிமன்றம் இல்லை. யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க அதற்கு அதிகாரம் கிடையாது. விசாரித்து, உண்மை இது என்று எழுதும், வேண்டுமானால் வழக்குத் தொடரச் சொல்லிப் பொது வழக்கு இயக்குநரிடம் ஆலோசனை கேட்கும். கிளாடிஸ் விஷயத்தில் அப்படிக் கேட்கவே இல்லை. அவரைக் குற்றவாளி என்று எழுதும் யாரும் தவறாக எழுதுகிறார்கள். யாழினி பக்கத்துக்கு இது வலுவான வாதம், அவர் ஏன் பயன்படுத்தவில்லை என்று தெரியவில்லை.

ஆனால் அவர் இதுவரை சொல்லாத இன்னொன்றை இங்கே பலர் சொல்கிறார்கள், நீதிபதிகளில் ஒருவர் கிளாடிஸ் பக்கம் நின்றார் என்று. பாதிதான் சரி. மூவர் அமர்வு. தலைமை நீதிபதி பெல்லும் நீதிபதி மீகரும் தள்ளுபடி செய்தார்கள். ஜூலி வார்ட் மாறுபட்டார். எதில்? அறிக்கையைத் தயாரித்த ரூத் மெக்கால், உதவி ஆணையராக இருந்த பதவிக்காலம் முடிந்த பிறகு ஆலோசகராகத் தொடர்ந்து எழுதினார். அந்த அதிகாரம் அவருக்கு இருந்ததா என்ற கேள்வியில். கிளாடிஸ் செய்தது சரி என்று வார்ட் தீர்ப்பு எழுதவில்லை.

வடகரை யாழினி

அதையே நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன் புலி. அறிக்கை எழுதியவருக்கு அதிகாரம் இருந்ததா என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஒரு மூத்த நீதிபதிக்கே சந்தேகம் வரும் அளவுக்கு இழுத்தடித்தார்கள் அல்லவா? பொது விசாரணை 2021 நவம்பர் தொடக்கத்தில் முடிந்தது. அறிக்கை 2023 ஜூன் கடைசியில். நடுவில் ஒரு மாநிலத் தேர்தலே முடிந்துவிட்டது. லேபர் முதல்வர் கிறிஸ் மின்ஸ்கூட இந்தத் தாமதத்தைக் குறை சொன்னார்.

குற்ற வழக்கு இல்லை என்கிறீர்கள், சிறை இல்லை என்கிறீர்கள். ஆனால் 2021 அக்டோபர் 1 அன்று ஐகாக் ஓர் அறிவிப்பு விட்டது, அன்றைக்கே அவர் ராஜினாமா செய்தார். கோவிட் டெல்டா அலையின் நடுவில், தடுப்பூசி எண்ணிக்கை இலக்கைத் தொடப்போகும் நேரத்தில். முடிவு வரும் முன்பே வேலை போய்விட்டது. இதைத் தண்டனை என்று சொல்லாமல் என்ன சொல்வது?

நிக் கிரெய்னரை நினைத்துப் பாருங்கள். ஐகாக்கை உருவாக்கிய முதல்வரே அவர்தான். ஒரு முன்னாள் அமைச்சருக்கு அரசு வேலை கொடுத்த விவகாரத்தில் அதே ஐகாக் அவரை ஊழல் என்றது, 1992-ல் பதவி போனது. சில வாரங்களில் நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. பதவியைத் திருப்பித் தந்தார்களா?

மெல்பன் மாமி

3,000 டாலர் ஒயின் பாட்டிலை விட்டுவிட்டாயே யாழினி.

சட்டப்புலி

பாரி ஓ'ஃபாரல், 2014. 1959-ஆம் வருடத்து பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச். பரிசு வரவில்லை என்று ஐகாக்கில் சொன்னார், மறுநாளே அவர் கையால் எழுதிய நன்றிக் குறிப்பு வெளியே வந்தது. ஊழல் என்று யாரும் முடிவு சொல்லவில்லை, ஆனாலும் போனார். ஆக, மாமி, ஐகாக்கால் பதவி இழந்த 3 முதல்வர்களும் லிபரல். அதில் 2 பேர் ஆண்கள். பெண் என்பதால் துரத்தினார்கள் என்ற வாதம் இந்த மாநிலத்தில் நிற்பது கஷ்டம்.

மெல்பன் மாமி

துரத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை தம்பி. துரத்திய பிறகு பேசிய பேச்சைச் சொல்கிறேன். ஓ'ஃபாரல் போனதும் பத்திரிகைகள் ஒயினின் ருசியைப் பற்றி எழுதின. கிளாடிஸ் போனதும், இவ்வளவு புத்திசாலி எப்படி இவனிடம் ஏமாந்தாள் என்று நாடு முழுக்க மாமியார் வேஷம் போட்டது. கூடவே ஒரு கூட்டம், பாவம் காதலில் ஏமாந்த பெண் என்று உச்சுக் கொட்டியது. முதல்வராக இருந்த மனுஷியை முதல்வராக வைத்து யாரும் பேசவில்லை. எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் அதிகக் கோபம்.

கம்பர்லாந்துக்காரன்

இதில் மாமியோடு நான் ஒன்றுபடுகிறேன். முதல்வராகவே பேசலாம்.

நான் மேற்கு சிட்னியில், பெண்டில் ஹில்லில் இருக்கிறேன். 2021-ல் எங்கள் கம்பர்லாந்து, ஃபேர்ஃபீல்டு, லிவர்பூல், பிளாக்டவுன், கேன்டர்பரி பேங்க்ஸ்டவுன் எல்லாம் 'கவலைக்குரிய' பகுதிகள் என்று அறிவித்தார்கள். வேலைக்கு வெளியே போக அனுமதிச் சீட்டு. ராணுவம் வந்தது. ஆகஸ்ட் 23 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஊரடங்கு. அந்த அலை தொடங்கிய இடமோ கிழக்கே கடற்கரையோரப் பாண்டை. அங்கே ஜூன் நடுவில் நோய் பரவியபோது முழு சிட்னியை மூட 10 நாள் யோசித்தார்கள். கடற்கரையில் மக்கள் நடந்துகொண்டிருந்ததைத் தினமும் டிவியில் பார்த்தோம். இங்கே தமிழ்க் கடைத்தெருவில் காவல்துறை குதிரையில் வந்தது.

தினமும் காலை 11 மணிக்குக் கிளாடிஸின் பேட்டி. தென்மேற்கு சிட்னி மக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்பார். பல பேர் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை. வீட்டிலிருந்து செய்ய முடியாது. அகதிக் குடும்பத்தின் பேத்தி, 1915 இனப்படுகொலையில் தப்பியவர்களின் வழி வந்தவர் என்று நம் ஆட்கள் எவ்வளவு பெருமையாகப் பேசினார்கள். அந்தக் கதை வாக்குக் கேட்கும்போது மேற்கே வந்தது. ஊரடங்கு போடும்போது வரவில்லை.

வடகரை யாழினி

அண்ணா, அந்த வலி எனக்கும் தெரியும், அம்மா வென்ட்வொர்த்வில்லில்தான் இருந்தார். ஆனால் நோய் எண்ணிக்கை அங்கேதான் ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெல்பனில் அந்த வருடம் முழு நகரத்துக்கே இரவு ஊரடங்கு இருந்தது, மாமி சாட்சி. 2020-ல் மெல்பனை மாதக்கணக்கில் பூட்டியபோது சிட்னியைத் திறந்து வைத்தது யார்? அந்த நம்பிக்கையில்தான் 2021-ல் 10 நாள் தாமதம் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. நோய் பரவியிருந்த ரூபி பிரின்சஸ் கப்பலிலிருந்து சுமார் 2,700 பேரை இறங்கிப் போக விட்டதற்கு அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எத்தனை தலைவர்கள் கேட்டார்கள்?

2019-ஐயும் நினைவில் வையுங்கள். தேர்தலுக்குச் சில நாள் முன்பு லேபர் தலைவர் மைக்கேல் டேலியின் பழைய வீடியோ வந்தது. நம் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள், அவர்கள் இடத்துக்கு ஆசியாவிலிருந்து முனைவர் பட்டத்தோடு இளைஞர்கள் வருகிறார்கள் என்று. வேலை தேடி வந்த நம்மைப் பற்றிய பேச்சு அது. கிளாடிஸ் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததே இல்லை.

பழைய கோப்பு

அமைச்சராக அவர் வேலை தெரிந்தவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பல வருடமாக லேபர் அரசு டிகார்ட் என்று ஒன்றைத் தொடங்கி, கைவிட்டு, வழக்காடிக்கொண்டிருந்தது. இவர் காலத்தில் ஓப்பல் அட்டை வந்தது, ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. கோப்பை இரவு முழுக்கப் படித்துவிட்டு வருவார் என்பது துறையில் எல்லோரும் சொன்னது. வடமேற்கு மெட்ரோவும் அவர் மேசையில் வளர்ந்ததுதான். டிராம் பாதை கதை வேறு: 160 கோடி டாலர் என்று சொல்லித் தொடங்கி 300 கோடியைத் தாண்டியது, ஜார்ஜ் தெரு வியாபாரிகள் பலர் கடையை மூடினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 2020 நவம்பரில் சமூக நிதி விவகாரம் வெடித்தது. ஒருங்கிணைந்த நகரசபைகளுக்கான சுமார் 25 கோடி டாலரில் 95 சதவீதம் ஆளும் கூட்டணித் தொகுதிகளுக்குப் போயிருந்தது. அவர் அலுவலகத்தில் ஒப்புதல் குறிப்புகளைக் கிழித்திருந்தார்கள். அதற்கு முதல்வர் சொன்ன பதில், தொகுதி பார்த்துப் பணம் கொடுப்பது சட்டவிரோதம் இல்லை என்பது. இவ்வளவு கவனமாகக் கோப்பு படிக்கும் ஒருவர், காகிதம் எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் இப்படிப் பேசியிருக்க மாட்டார். மகுவாயர் விஷயத்தையும் நான் அதோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். காதலில் கண் மறைந்த கதையாக அல்ல, எதை எழுதி வைக்க வேண்டாம் என்று முடிவு செய்யும் பழக்கமாக.

கம்பர்லாந்துக்காரன்

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது ஐயா. 2018 ஜூலையில் மகுவாயர் வேறொரு விசாரணையில் ஐகாக் முன் மாட்டினார், கிளாடிஸ் வெளியே வந்து அவரைக் கண்டித்தார், சபையை விட்டுப் போகச் சொன்னார். உறவு 2020 வரை தொடர்ந்தது. மகுவாயர் மிக இருண்ட நிலையில் இருந்தார், விட்டுவிட முடியவில்லை என்று பிறகு விளக்கம். மனிதராகப் புரிகிறது. ஆனால் சந்தேகம் வந்தால் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியது அமைச்சரின் சட்டக் கடமை. அவர் தெரிவிக்கவில்லை என்பது அறிக்கையின் இன்னொரு முடிவு. அக்கா இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

வடகரை யாழினி

எழுதுகிறேன். எந்தச் சந்தேகத்தை எப்போது தெரிவிக்க வேண்டும் என்பது பின்னால் திரும்பிப் பார்க்கும்போது எளிது. மகுவாயர் வாய்ச்சவடால் ஆள், எல்லாப் பேரத்திலும் கோடி என்பார், எதுவும் நடக்காது. அதைத் தான் நம்பவில்லை என்று கிளாடிஸ் சாட்சியம் சொன்னார். ஆணையம் அதை ஏற்கவில்லை, நான் ஏற்கிறேன்.

இன்னொன்று. பதவி போன பிறகும் மக்கள் அவரைக் கைவிடவில்லை. அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன் அவரை வாரிங்கா நாடாளுமன்றத் தொகுதியில் நிற்கக் கேட்டார், ஐகாக்கைக் கங்காரு நீதிமன்றம் என்றே சொன்னார். கிளாடிஸ் நிற்கவில்லை, 2022-ல் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்து வேலைக்குப் போனார். திரும்பி வந்து ஓட்டுக் கேட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சட்டப்புலி

ஜெயித்திருக்கலாம். அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது.

மாரிசன் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன், இந்த வழக்கின் உண்மையான விளைவு கான்பெராவில் இருக்கிறது. மத்திய ஊழல் தடுப்பு ஆணையத்தை அமைக்கும்போது கிளாடிஸுக்கு நடந்ததைப் பார் என்பதே ஒரு பக்கத்தின் வாதமாக இருந்தது. விளைவு: பொது விசாரணை விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த ஆணையம் தொடங்கியது 2023 ஜூலை 1, கிளாடிஸ் அறிக்கை வந்து இரண்டாம் நாள். யாழினி கேட்ட பாதுகாப்பு கிடைத்துவிட்டது, ஆனால் கிளாடிஸுக்கு அல்ல, கான்பெரா அமைச்சர்களுக்கு.

கம்பர்லாந்துக்காரன்

அப்படியானால் அடுத்த செலவினக் குழுவில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் புலி?

சட்டப்புலி

நலமுரண் பதிவேட்டில் இருந்தால் தெரியும். இல்லாவிட்டால், மூடிய கதவுக்குப் பின்னால் விசாரித்து, அறிக்கையை வெளியிடலாம் என்று அவர்கள் முடிவு செய்தால் தெரியும்.

மெல்பன் மாமி

நான் யாழினி கட்சியிலேயே இருந்துவிட்டுப் போகிறேன். கதவை மூடுவதில் மட்டும் கம்பர்லாந்துத் தம்பி கட்சி.